மாணவர் செவியும் மக்கள் நாவும்

அச்சு மை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் ரசாயன நிபுணராகப் பணிபுரிந்து, கலவைகளைச் சோதிப்பதும் அளப்பதுமே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பஸ்தர் ஒருவர், தம் முப்பத்து மூன்றாம் வயதில் அந்த உத்தியோகத்தை விட்டு விலகி, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1961-ஆம் ஆண்டு நிகழ்ந்த இதனை அப்போது யாரும் விசேஷமாகக் கவனித்திருக்க நியாயமில்லை. அவருக்கு ஆசிரியராக வாய்த்த யூரியல் வைன்ரைக் என்பவர் மாணவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை வயதே மூத்தவர். மாணவருடைய பெயர் வில்லியம் லபோவ். தொண்ணூற்றேழு வயது நிரம்பி 2024 டிசம்பரில் அவர் காலமானபோது, மனிதர் பேசும் விதத்தை எண்ணியும் அளந்தும் ஆராயும் சமுதாய மொழியியல் என்ற சாஸ்திரம் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருந்தது. அந்தச் சாஸ்திரத்தின் அஸ்திவாரக் கற்களில் முதலிரண்டும், அவர் மாணவராயிருந்தபோது பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சிகள் என்பதும், பிற்காலத்தில் அதன் மிகப் பெரிய கருவூலமாக அமைந்தது அவர்தம் மாணவர்கள் வகுப்புப் பாடமாகச் செய்த வேலை என்பதுமே இக்கட்டுரைக்கு விஷயம்.

அக்காலத்து மொழியியலறிஞர் பலர், ஒரு பாஷையின் இயல்பை ஆராயப் புகும்போது, தம்முடைய சொந்த நாவையும் உள்ளுணர்வையுமே சாட்சிக்கு அழைத்தார்கள். அல்லது கிராமத்துக்கு ஒரு முதியவரைத் தேடிப் பிடித்து, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, அதுவே அந்தக் கிராமத்துப் பேச்சு என்று வரைபடத்தில் குறித்தார்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஏன், ஒரே மனிதருடைய வாயிலேயே ஒரு சொல் வேளைக்கொரு விதமாக ஒலிப்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்; அது ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம், ஆராய்ச்சிக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிட்டார்கள். சோதனைச்சாலையிலிருந்து வந்த மாணவருக்கோ, மற்றவர் ஒழுங்கில்லை என்று விலகிப்போன இடத்திலேதான் ஒழுங்கு ஒளிந்திருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

தீவின் குரல்

மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியார்டு என்றொரு தீவு உண்டு. 1960-இல் அதன் நிரந்தரக் குடிகள் ஏறத்தாழ 5,500 பேர். கோடையில் அங்கே வந்திறங்கிய உல்லாசப் பயணிகளோ 40,000-க்கும் மேற்பட்டவர்கள். மீன்பிடித் தொழில் நலிந்து, மாநிலத்தின் மாவட்டங்களிலெல்லாம் சராசரி வருமானம் குறைந்தது என்னும் நிலைக்கு அத்தீவு வந்துவிட்ட அக்காலத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களின் வீடுகளும் நிலங்களும் பணம் படைத்த கோடைவாசிகள் கைக்கு ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. நிலத்தை இழந்துவரும் ஒரு ஜனசமூகத்தின் மனத்திலே என்ன நிகழ்கிறது என்பதை அவர்கள் வாயிலிருந்து வரும் இரண்டே உயிரொலிகளைக் கொண்டு கண்டுவிடலாம் என்று லபோவ் நிரூபித்ததுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி.

'ரைட்', 'வைஃப்' முதலிய ஆங்கிலச் சொற்களில் வரும் ஐகாரம் போன்ற ஒலியும், 'ஹவுஸ்', 'அவுட்' முதலியவற்றில் வரும் ஔகாரம் போன்ற ஒலியும், பொதுவாக வாயை நன்றாகத் திறந்து அகரத்தில் தொடங்குபவை. தீவுவாசிகள் பலர் அவ்வளவு திறவாமல், நாவை வாயின் நடுப்பகுதிக்குச் சற்றே உயர்த்தி, மங்கிய ஓர் உயிரில் அவற்றைத் தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்த பழைய உச்சரிப்பின் மிச்சம் அது. 1933-இல் அந்தப் பக்கத்துப் பேச்சுக்களைப் பதிவு செய்த வட்டார வழக்குப் படத்தொகுதியார் தீவில் நால்வரைக் கண்டு பேசியபோது, அது மெல்ல மறைந்துவருவதாகவே தோன்றியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப்பின் லபோவ் 69 பேரிடம் பேசிப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தபோதோ, மறைய வேண்டியது மறையாமல் வளர்ந்திருந்தது. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 25 என்ற அளவில் இருந்த ஐகாரத் திரிபு, முப்பத்தொன்று முதல் நாற்பத்தைந்து வயது வரையிலானவர்களிடம் 81-ஆக ஏறியிருந்தது. தாத்தாவைக் காட்டிலும் பேரன் பழையபடி பேசினான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

வயது, தொழில், வம்சம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் பாதி விடையே தருவதைக் கண்ட மாணவர், கடைசியில் வேறொரு வகையாகத் தம் மனிதர்களைப் பிரித்தார்: தீவின்மீது பற்றுடையவர், பற்றும் வெறுப்பும் இல்லாதவர், தீவை விட்டுப் போய்விட விரும்புபவர். பற்றுடைய 40 பேரிடம் அந்தத் திரிபின் அளவு 63. நடுநிலையான 19 பேரிடம் 32. வெளியேற விரும்பிய அறுவரிடம் வெறும் 9. கணக்கு அத்தோடு பேசிவிட்டது. கோடைவாசிகளின் ஆதிக்கத்தை உள்ளூர வெறுத்து, மீன்பிடிக்கும் சில்மார்க் கிராமத்து உறுதிகொண்ட மனிதர்களைத் தமக்கு லட்சியமாகக் கொண்டவர்கள், தாம் அறியாமலே அவர்களுடைய உயிரொலியையும் மேற்கொண்டார்கள். வெளியூர்க் கல்லூரியில் படித்துவிட்டுத் தீவுக்கே திரும்பிய ஓர் இளைஞனைப்பற்றி, அவன் முன்பு இப்படிப் பேசினவன் அல்லன், படித்துத் திரும்பிய பிறகுதான் துறைமுகத்து ஆட்களைப்போலப் பேசுகிறான் என்று அவனுடைய தாயே சொன்னாளாம். உயர்கல்வி கற்றவன் நாகரிகமாகப் பேசுவான், கல்லாதவன் கொச்சையாகப் பேசுவான் என்ற எளிய கணக்கு, இந்தத் தாயின் முன்னிலையில் நிற்காது.

நான்காவது மாடி

இரண்டாவது ஆராய்ச்சி நகரத்தில் நிகழ்ந்தது. முன்னதைக் காட்டிலும் பெயர் பெற்றது. நியூயார்க்கில் அன்று மூன்று பெரிய பல்பொருள் அங்காடிகள் இருந்தன. ஐந்தாம் அவென்யூவிலிருந்த ஸாக்ஸ் செல்வந்தருக்குரியது. மேஸீஸ் நடுத்தரக் குடும்பங்களுக்குரியது. யூனியன் சதுக்கத்துக்கு அருகிலிருந்த எஸ். க்ளைன் விலை மலிந்தது, ஏழை எளியவர் மொய்ப்பது. 1962 நவம்பரில், கண்ணியமாக உடையணிந்த ஒருவர் இந்தக் கடைகளுக்குள் நுழைந்து, நான்காவது மாடியில் எந்தச் சாமான் விற்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு பணியாளர்களிடம் போய் அந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்று ஒன்றும் அறியாதவர்போல் விசாரித்தார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று விடை வரும். சரியாகக் காதில் விழாதவர்போல் சற்றுக் குனிந்து மீண்டும் கேட்பார். இப்போது அதே விடை அழுத்தமாகவும் கவனமாகவும் வரும். நன்றி கூறி நகர்ந்து, அவர்கள் கண்ணுக்கு மறைவான இடத்தில் நின்று, இரண்டு சொற்களிலும் ரகரம் ஒலித்ததா இல்லையா என்பதைக் குறித்துக்கொள்வார். ஏறக்குறைய ஆறரை மணி நேரத்தில் 264 பேருடைய பேச்சு இவ்விதம் கிடைத்துவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி இல்லை, வினாப்பட்டியல் இல்லை, செலவு என்று சொல்லத் தக்கது ஒன்றுமில்லை.

எழுத்தில் ரகரம் இருந்தால் அதை ஒன்று விடாமல் உருட்டி ஆங்கிலம் பேசுகிற நமக்கு, இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் நியூயார்க்வாசிகள் பழங்காலத்திலிருந்து, லண்டன் நாகரிகத்தைப் பின்பற்றி, உயிரெழுத்துக்குப் பின்வரும் ரகரத்தை விழுங்கிப் பேசுபவர்கள். அந்நகர மாநிலத்து உயர்குடியில் பிறந்த ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பேசியதும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காற்று திசை மாறியது. அதுவரை கௌரவமாக இருந்தது அகௌரவமாயிற்று. ரகரத்தைத் தெளிவாக ஒலிப்பதே மேன்மக்கள் வழக்கு என்ற எண்ணம் பரவியது. அதன் விளைவை லபோவின் குறிப்பேடு காட்டிற்று: ஸாக்ஸில் நூற்றுக்கு 62 பேர் ரகரத்தை முழுவதுமோ ஓரளவோ ஒலித்தார்கள், மேஸீஸில் 51 பேர், க்ளைனில் 20 பேர். இதில் நாம் ஆழ்ந்து நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூன்று கடைகளிலும் விற்பனைப் பெண்கள் செல்வந்தர்கள் அல்லர். அவர்களுடைய சம்பளத்தில் பெரிய பேதமும் இல்லை. வாடிக்கைக்காரர் யாரோ அவருடைய பேச்சின் சாயலே பணியாளர் நாவில் ஏறுகிறது. இரண்டாம் முறை கவனமாகச் சொன்னபோது, மேஸீஸ் பணியாளர்களிடம் ரகரம் சட்டென்று மிகுந்ததும் குறிப்பிடத் தக்கது. எது உயர்ந்த வழக்கு என்பது அவர்களுக்கும் தெரிந்தேயிருந்தது, எப்போதும் கைக்கெட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் அறியாமல் அவர் பேச்சைக் குறித்துக்கொள்வது முறையா என்று இக்காலத்தவர் கேட்கக்கூடும். பெயர் இல்லை, முகம் இல்லை, அந்தரங்கம் எதுவும் இல்லை; கடைக்கு வந்த எவருக்கும் சொல்லக்கூடிய ஒரு மாடியின் எண் மட்டுமே. இது குற்றமென்றால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சைக் கேட்பதும் குற்றமாகும் என்பது என் அபிப்பிராயம். மேலும், தம்மைக் கவனிக்கிறார்கள் என்று அறிந்த கணமே மனிதர் பேச்சு மாறிவிடுகிறது. கவனிக்கப்படாத பேச்சைக் கவனித்தே அறிய வேண்டியிருப்பது இந்தச் சாஸ்திரத்தின் தீராத தர்மசங்கடம்.

வகுப்பறையிலிருந்து வீதிக்கு

அந்தச் சங்கடத்துக்கு மாணவர்களே மருந்தாக அமைந்தார்கள். 1971-இல் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற லபோவ், அங்கே பேச்சுச் சமூகத்தைப்பற்றி ஒரு வகுப்பு நடத்தத் தொடங்கினார். அதில் சேர்ந்த மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, நகரத்தில் ஏதேனும் ஒரு குடியிருப்புப் பகுதியைத் தேர்ந்துகொண்டு, அங்குள்ளவர்களோடு பழகி, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, அளந்து, எழுத வேண்டும், அதற்கே மதிப்பெண். உச்சரிப்பைப்பற்றி நேராக ஒரு கேள்வியும் கேட்கலாகாது. சிறு வயதில் விளையாடிய விளையாட்டுக்கள், தெருச் சண்டைகள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், உயிர் போய்விடும் என்று அஞ்சிய சந்தர்ப்பம் என்று பேச்சு தானே ஓட வேண்டும். உயிர்ப் பயத்தை நினைவுகூர்பவன் தன் ரகரத்தை நினைப்பதில்லை. பேராசிரியர் ஒருவர் கருவியோடு வந்து எதிரே உட்கார்ந்தால் கூசிப்போகும் பாட்டியம்மாள், படிக்கிற பையனுக்கு ஒத்தாசை செய்கிறோம் என்ற எண்ணத்தில் மணிக்கணக்காகக் கதை சொல்லுவாள். கேட்பவன் கற்க வந்தவன், சொல்பவளே ஆசிரியை என்ற தராதரம் தலைகீழாய் அமையும் இடத்தில்தான் இயல்பான பேச்சு பிறக்கிறது என்பதை லபோவ் நன்கு உணர்ந்திருந்தார்.

இப்படி ஆண்டுக்காண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சேர்ந்த நாடாக்கள் எறியப்படவில்லை. முதற்பாடம் அதுதான். இருபது வயது மாணவன் பரீட்சைக்காகச் செய்த வேலை என்று அலட்சியம் செய்யாமல், பேசியவரின் வயது, தெரு, படிப்பு, தொழில் ஆகியவற்றோடு அவை பாதுகாக்கப்பட்டன. பிற்காலத்தில் கணிப்பொறி வந்து, கையால் ஒவ்வொன்றாக அளந்த உயிரொலிகளைத் தானே அளக்கத் தொடங்கியபோது, அந்தக் குவியலின் பெருமை வெளிப்பட்டது. 1888-இல் பிறந்தவர் முதல் 1991-இல் பிறந்தவர் வரை 379 ஃபிலடெல்ஃபியாவாசிகளின் பேச்சிலிருந்து, கிட்டத்தட்டப் பத்து லட்சம் உயிரொலிகள் அளக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2013-இல் அமெரிக்க மொழியியற் கழகத்துச் சஞ்சிகையில் வெளிவந்தன. எழுதிய மூவரில் ஒருவரான ஜோஸஃப் ஃப்ரூவால்டு அப்போது ஆராய்ச்சி மாணவர்.

ஒரு நகரத்தின் நூறாண்டு நாவசைவை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் ஆவணங்கள் உலகில் மிகச் சிலவே. நூற்றாண்டின் முற்பாதியில் தெற்கத்திய மாநிலங்களின் சாயலில் சென்றுகொண்டிருந்த சில உயிரொலிகள், பிற்பாதியில் திரும்பி நடந்தன. வடக்கத்திய சாயலில் சென்ற வேறு சில ஒலிகளோ நிற்காமல் முன்னேறின. உயர்கல்வி பெற்றவர்களே உள்ளூர் அடையாளங்களை முதலில் கைவிட்டார்கள். பொதுவாக மாற்றங்களில் பெண்கள் ஆண்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் நடந்தார்கள். நாகரிகமோ பழமையோ எதுவானாலும் ஆணே வழிகாட்டி என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

ஃபிலடெல்ஃபியாப் பேச்சின் விசித்திரம் ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'மேட்', 'பேட்', 'க்ளேட்' என்ற மூன்று சொற்களில் வரும் உயிரை அந்நகரத்தார் இறுக்கி, நாவை உயர்த்தி ஒலிப்பார்கள். அதே அமைப்புடைய 'ஸேட்', 'டேட்' என்பவற்றில் அப்படிச் செய்வதில்லை. ஏன் என்று அவர்களைக் கேட்டால் விழிப்பார்கள். அர்வில்லா பேய்ன் என்ற ஆராய்ச்சி மாணவி, நகரத்தை ஒட்டிய கிங் ஆஃப் பிரஷ்யா என்ற ஊருக்குப் போய், வெளி மாநிலத்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தார். அக்குழந்தைகள் தெருவில் ஓடியாடி மற்ற உள்ளூர் ஒலிகளை விரைவில் பற்றிக்கொண்டார்கள். இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும், பெற்றோரும் அவ்விடத்தவராயிருந்தால் ஒழிய, அநேகமாக ஒரு குழந்தையும் முற்றும் கற்கவில்லை. தெரு கற்பிப்பது வேறு, தாய்மடி கற்பிப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த பிரமாணம் நான் அறியேன்.

இதெல்லாம் வெறும் பண்டித விநோதம் என்று நினைப்பவர்கள் நீதிமன்றங்களைக் கேட்கட்டும். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைக் கணக்கில் கொள்ளாமல் அவர்களைப் பின்தங்கியவர் என்று பள்ளி ஒதுக்குவதாகப் பெற்றோர் தொடுத்த வழக்கில், அப்பேச்சு ஒழுங்கான இலக்கணம் உடையது என்று லபோவ் முதலிய மொழியியலார் சாட்சி சொல்ல, 1979-இல் நீதிபதி குழந்தைகள் பக்கம் தீர்ப்பளித்தார். விமான நிறுவனம் ஒன்றுக்குத் தொலைபேசியில் வெடிகுண்டு மிரட்டல் விடுத்ததாகச் சிறையில் அடைபட்ட நியூயார்க்காரர் ஒருவரும், மிரட்டியவன் குரலிலிருந்த இரண்டு உயிரொலிகள் பாஸ்டன் பக்கத்தவை, நியூயார்க் நாவுக்குரியவை அல்ல என்று லபோவ் எடுத்துக் காட்டியதால் விடுதலை பெற்றார்.

நம் பக்கம்

இனி நம் வீட்டைப் பார்ப்போம். கிரியர்ஸன் தலைமையில் நடைபெற்ற பெரிய இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. சேர்த்துக்கொண்ட இடங்களிலும், பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் கதையை அந்தந்த வழக்கில் மொழிபெயர்க்கச் செய்து மாதிரியாகப் பெற்றார்கள். மொழிபெயர்த்த கதையிலே மக்கள் பேச்சு எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

ஆனால் இந்தச் சாஸ்திரத்தின் தொட்டில் பருவத்திலேயே தென்னாட்டு மொழிகள் அதில் இடம் பெற்றன. லபோவ் அங்காடிகளில் ஏறி இறங்கிய அதே 1962-இல், வில்லியம் பிரைட்டும், பிற்காலத்தில் கவிஞராகப் புகழ்பெற்ற ஏ. கே. ராமானுஜனும், தமிழ், கன்னடம், துளு ஆகியவற்றில் பிராமணர் பேச்சும் மற்றவர் பேச்சும் எவ்வாறு வேறுபட்டு மாறுகின்றன என்று ஒப்பிட்டு, அமெரிக்காவில் கூடிய சர்வதேச மொழியியல் மாநாட்டில் கட்டுரை வழங்கினார்கள். பழுத்த எழுத்து மரபுடைய மொழிகளில் படித்த வகுப்பாரின் ஒலிகள் மெதுவாகவே மாற, எழுத்து மரபு பரவாத துளுவில் இரு சாராரும் மாறியிருப்பதைக் கண்டு, எழுத்தறிவு ஒலிமாற்றத்துக்குக் கடிவாளமிடுகிறதோ என்று அவர்கள் கேட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அக்கேள்விக்கு நாம் போதிய விடை தரவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் வட்டார வழக்குகளைப்பற்றி அரிய உழைப்பு நிகழ்ந்திருக்கிறது, கி. ராஜநாராயணன் கரிசல் சீமைச் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதியே செய்தார். இவற்றை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். எனினும் சொற்களைத் தொகுப்பதில் நாம் காட்டிய சிரத்தையை, யார், யாரிடம், எந்தச் சமயத்தில், எத்தனை முறை ஓர் ஒலியை எப்படி ஒலிக்கிறார்கள் என்று எண்ணுவதில் காட்டவில்லை. ழகரம் ஒன்று போதுமே! சென்னையில் யகரமாகவும் தெற்கே ளகரமாகவும் அது திரிகிறது என்று எல்லாரும் சொல்லுகிறோம். பலர் அதைக் கேட்டு முகம் சுளிக்கவும் செய்கிறோம். அதே மனிதர் மேடையில் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு, மகள் எவ்வளவு, மகன் எவ்வளவு என்று ஊர் தோறும் கணக்கெடுத்தால் அல்லவா விஷயம் விளங்கும்? எழும்பூர் ரயில் நிலையத்தில் ஏழாவது பிளாட்பாரத்துக்கு வரவிருக்கும் வண்டியைப்பற்றி, அது எந்தப் பிளாட்பாரம் என்று ஒரு மாணவி அங்குள்ளவர்களை விசாரித்து, காதில் விழவில்லை என்று இன்னொரு முறையும் கேட்டு, பக்கத்துத் தூண் மறைவில் குறித்துக்கொள்வாளாயின், ஒரு பிற்பகலில் நல்லதொரு ஆய்வேட்டுக்கு வேண்டிய சரக்குச் சேர்ந்துவிடும். நியூயார்க்கின் நான்காவது மாடிக்கு நம் ஏழாவது பிளாட்பாரம் எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

ஆகவே தமிழ்த்துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இது. இப்போது ஒவ்வொரு மாணவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவியாகக் கைப்பேசி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வகுப்பையேனும் ஒரு தெருவுக்கு அனுப்புங்கள். பேசுபவரின் சம்மதத்தைக் கேட்டுப் பெறச் செய்யுங்கள். கொண்டுவந்த பதிவுகளை மதிப்பெண் போட்டவுடன் அழித்துவிடாமல், ஊர், ஆண்டு, வயது, படிப்பு, தொழில் ஆகிய விவரங்களை ஒவ்வொன்றோடும் எழுதி, கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள்.